சாப்பாட்டுக்கு மட்டும் விளைவிக்கும் சிறு விவசாயியை விற்பனைக்குக் கொண்டுவருவது எப்படி?

வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிர் வைக்கிறவர்கள் விற்பனைக்கும் விளைவிக்க நாம் என்ன செய்து கொடுக்கலாம் என்பதுதானே கேள்வி. நல்ல விலை போகிற பயிருக்கு மாறச் சொல்லுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியதற்குக் காரணம் எளிது, பிடுங்கிய கிழங்கை ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்ளும், கையில் காசு வரும். ஆனால் மரவள்ளிக்கு விலை, கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்து போடும் 'பாயின்ட்' கணக்கில். அதை அளப்பது வாங்குகிறவர், பார்த்துக்கொண்டு நிற்பது விவசாயி. விலை விழுந்த வருடத்தில் காசும் இல்லை, வீட்டில் தானியமும் இல்லை. அதனால் சாப்பாட்டுக்கான நிலத்தை விடச் சொல்லவே கூடாது, அதில் மிஞ்சுவதை விற்க வைப்பதுதான் வழி.

சாமை விலைபோகாத பயிர் இல்லை. உமி நீக்குவதுதான் பாடு. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, அத்தனையும் பெண்கள் தலையில். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 1990களிலிருந்து வேலை செய்து, ஊருக்குள்ளேயே அரைவை இயந்திரம் வைத்துக் குழுக்களிடம் கொடுத்தது. அப்புறம்தான் சாமை அரிசியாக, மாவாக, பாக்கெட்டில் மலையிறங்க வழி பிறந்தது. காய வைக்கத் தார்ப்பாய், கல் பிரிக்கச் சல்லடை, எல்லார் கண்முன்னும் எடை காட்டும் தராசு, இதெல்லாம் பயிற்சி முகாமைவிட அதிகம் உதவும்.

குழுவாகச் சேர்வது சரி. 2020-இல் மத்திய அரசு விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் என்று திட்டம் போட்டது, ஓர் அமைப்புக்குச் சமவெளியில் குறைந்தது 300 பேர், மலையில் 100 பேர். ஆனால் உரம் விற்கிற கடையாக மட்டும் ஓடுகிற அமைப்பால் சிறு விவசாயிக்குப் பெரிய லாபமில்லை. அறுவடையன்றே பாதிப் பணமாவது கொடுக்க அதனிடம் கையிருப்பு வேண்டும், இல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கும்போது விவசாயி விளைச்சலை வியாபாரிக்குத்தான் போடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வாங்குகிற ஆளையும் முதலிலேயே பிடித்து வையுங்கள். தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள், அதற்காக அரசே விவசாயிகளிடம் கொள்முதல் செய்கிறது. இதே மாதிரி சாமையைப் பக்கத்து விடுதிகளுக்கும் சத்துணவுக்கும் எடுக்க வைத்தால், விதைக்கும்போதே எவ்வளவு விற்கும் என்று விவசாயிக்குத் தெரிந்துவிடும்.