இலையுதிர் கால நிறங்களில் நேர்த்தியான கல்யாணம்: எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். அக்டோபரில் கல்யாணம், இலையுதிர் கால நிறங்கள் வேண்டும், ஆனால் மண்டபம், அக்டோபர் கடைசியில் பேய் வேடமும் ஆரஞ்சுப் பூசணியுமாக வரும் ஹாலோவீன் பண்டிகைக் கடை மாதிரி ஆகிவிடக் கூடாது என்கிறார். நியாயமான பயம். வடக்கு நியூஜெர்சியில் என் தங்கை கல்யாணத்தை இதே ஆசையோடுதான் நடத்தினோம். அதில் சரியாக வந்ததையும் சொதப்பியதையும் எழுதுகிறேன்.

அலங்காரத்துக்கு முன்னால் தேதியை முடிவு செய்யுங்கள். தங்கைக்கு இன்னும் வடக்கே இருக்கும் வெர்மான்ட் மாநில மலைப்பக்கம்தான் ஆசை. அங்கே செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் இலைகள் பழுத்து, உதிரவும் ஆரம்பித்துவிடும். அதாவது சுத்தமாகப் புரட்டாசி. ஈரோட்டில் இருக்கும் அப்பாவிடம் புரட்டாசியில் கல்யாணம் என்று சொல்லும் தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. எல்லோருக்கும் வசதியான, அக்டோபர் இரண்டாவது திங்களில் வரும் கொலம்பஸ் தின விடுமுறையும் எந்த வருடமானாலும் புரட்டாசிக்குள்தான் வந்து விழும். நியூஜெர்சியில் இலைகள் அக்டோபர் நடுவுக்கு மேல்தான் நன்றாக நிறம் மாறும். ஐப்பசி பிறப்பது 17 அல்லது 18. இரண்டும் ஒத்துப்போகிற அந்தப் பத்துப் பதினைந்து நாளில், தீபாவளியை மட்டும் ஒதுக்கிவிட்டு நாள் பாருங்கள்.

நேரமும் முக்கியம். அக்டோபர் கடைசியில் இங்கே விடிவதே ஏழே கால் மணிக்கு மேல். ஊர் வழக்கப்படி ஆறு மணி முகூர்த்தம் வைத்தால் தாலி கட்டி முடித்த பிறகும் வெளியே இருட்டாகத்தான் இருக்கும். நாங்கள் 9 மணிக்கு மேல் வைத்தோம். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மாலை போட்டோவை மறந்துவிட வேண்டியதுதான்.

நிறத்துக்கு வருவோம். பலர் அலங்காரத்தை முடிவு செய்துவிட்டுப் புடவை தேடுகிறார்கள். எங்களுக்கு அது தேவையே படவில்லை. அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல், செம்பு, பாசிப் பச்சை என்று இலையுதிர் காலம் காட்டும் எல்லா நிறமும் காஞ்சிபுரம் கடையில் நூறு வருஷமாக அடுக்கி வைத்திருப்பதுதானே. தங்கை எடுத்தது அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை. மண்டபத் துணிக்கும் அந்த இரண்டு நிறம்தான், கூடவே கொஞ்சம் சந்தன நிறம். மூன்றாவது அடர் நிறம் ஒன்றைச் சேர்க்கலாமா என்று எல்லோருக்கும் கை துறுதுறுத்தது, சேர்க்கவில்லை. விளக்கு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஊதா, நீல விளக்கு பட்டால் அரக்கு கறுப்பாகத் தெரியும். மஞ்சள் வெளிச்சம் மட்டும் போதும் என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பூவுக்கு அலைய வேண்டாம். இங்கே இலையுதிர் காலப் பூ என்றாலே செவ்வந்திதான். பண்ணைக் கடைகளில் தொட்டி தொட்டியாகக் குவித்து வைத்திருப்பார்கள். துருச் சிவப்பிலும் மஞ்சளிலும் நாற்பது தொட்டி வாங்கி நடைபாதையின் இரு பக்கமும் வைத்தோம். வெட்டிய பூ மாதிரி மதியத்துக்குள் வாடவும் இல்லை, கிளம்பும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டும் போனார்கள்.

சொதப்பியது பாம்பாஸ் புல். அலங்காரக்காரர் காய்ந்த அந்தப் புல்லை ஆள் உயரத்துக்குக் கட்டி மணவறைக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். படத்தில் அழகு. நேரில், மின்விசிறி போட்ட ஐந்தாவது நிமிடம் பஞ்சு பஞ்சாகப் பறந்து மாப்பிள்ளை வேட்டியிலும் சந்தனக் கும்பாவிலும் ஒட்டிக்கொண்டது. ஐயர் அக்னி வளர்க்கப் போனவர் அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல இதை அப்புறப்படுத்துங்கோ, ஒரு பொறி பட்டா போதும்" என்றார். காய்ந்த புல், கோதுமைத் தாள், வைக்கோல் எதுவானாலும் ஹோமத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், வாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே நெருப்பு வளர்க்க அனுமதி உண்டா என்று மண்டபத்தில் முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

இலைகளைப் பறித்தால் இரண்டே நாளில் சுருண்டுவிடும். ஒரு வாரம் முன்னால் பொறுக்கி, செய்தித்தாள் நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கிவிட்டால் தட்டையாக, நிறம் பெரிதாக மங்காமல் கிடைக்கும். நாங்கள் ஒவ்வொரு மேசையிலும் பித்தளைக் குத்துவிளக்கைச் சுற்றி நாலைந்து மேப்பிள் இலை மட்டும் வைத்தோம். மற்றதை ஜன்னலுக்கு வெளியே இருந்த மரங்கள் பார்த்துக்கொண்டன. அதனால் மண்டபம் தேடும்போதே பெரிய ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள், அலங்காரச் செலவில் பாதி மிச்சம்.

கடைசியாகப் பூசணி. ஆரஞ்சு நிறம் வைத்தால் ஹாலோவீன் வாடை வந்துவிடும் என்று தங்கை வெள்ளைப் பூசணிகளை வாசலில் அடுக்கியிருந்தாள். எங்கள் கொங்குப் பக்கம் ஆரஞ்சாக இருப்பது அரசாணிக்காய், பூசணி என்றால் திருஷ்டி கழித்து உடைக்கிற வெள்ளைதான். விமானம் ஏறி வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏங் கண்ணு, யாருக்குத் திருஷ்டி சுத்துனது இது? தாண்டலாமா?" அவசரமாக எல்லாவற்றையும் தூக்கி வரவேற்பு மேசைக்குக் கீழே தள்ளினோம். அதே அத்தை மதியப் பந்தியில் காசி அல்வாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அது எதில் செய்தது என்று நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மிஞ்சிய பூசணிகளைச் சமைக்கலாமா என்றால், சாயம் பூசாதவற்றைச் சமைக்கலாம். அழகுக்கென்றே விற்கும் குட்டிச் சுரைக்காய்கள் மட்டும் கசக்கும், அவற்றைச் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள்.