பழைய மேவிக் 2 ப்ரோவா, மினி 3 ப்ரோவா?

வணக்கம் நண்பரே. மலையேற்றத்தில் செங்குத்து வீடியோ எடுக்க, நண்பரின் பழைய மேவிக் 2 ப்ரோ ட்ரோனா, அதே விலைக்கு மினி 3 ப்ரோவா என்று கேட்டிருந்தீர்கள். மினியையே வாங்குங்கள். மேவிக் 907 கிராம், மினி 249 கிராம். ஏறும்போது தோளுக்கே தெரியும். மினியின் கேமரா 90 டிகிரி திரும்புவதால் செங்குத்துப் படத்தை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

மேவிக்கின் ஒரு அங்குல சென்சார் அருமையானது, மறுக்கவில்லை. வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் துளையை எஃப் 2.8 முதல் 11 வரை மாற்றலாம், காற்றிலும் நிலையாக நிற்கும். ஆனால் அது 2018 மாடல். பேட்டரிகள் எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கின்றன, உப்பியிருக்கின்றனவா என்று பார்க்காமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், மினியில் துளை எஃப் 1.7 மட்டும்தான். வெயிலில் வீடியோ எடுக்க வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.