முதலீடு கேள்வி – பதில்: செம்புச் சுரங்கப் பங்கை எடைபோடுவது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரக் கடை நடத்துகிறேன். செம்பின் கொள்முதல் விலை ஏறிக்கொண்டே போகிறது. செம்புச் சுரங்க நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்தால், கடையில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை அந்தப் பக்கம் எடுத்துவிடலாமே என்று நினைக்கிறேன். ஹிந்துஸ்தான் காப்பர் பங்கை வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: தங்கள் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் செம்பின் விலையைத் தினமும் பார்க்கும் தாங்கள், சுரங்கத்திலிருந்து எத்தனை டன் மேலே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கணக்கில் முதல் இடம் அதற்குத்தான்.

ஹிந்துஸ்தான் காப்பர் 1967-இல் தொடங்கப்பட்ட, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனம். ஏறத்தாழ 66 சதவீதப் பங்குகள் மத்திய அரசிடம் இருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட், ராஜஸ்தானின் கேத்ரி, கோலிஹான், ஜார்க்கண்டின் சுர்தா ஆகியவை இதன் முக்கியச் சுரங்கங்கள். ஆண்டறிக்கையைத் திறந்ததும் லாப நட்டக் கணக்குக்குப் போகாமல் உற்பத்தி அட்டவணைக்குப் போங்கள். அண்மை ஆண்டுகளில் வெட்டி எடுத்த தாது 35 லட்சம் டன்னை ஒட்டியும், அதைப் பதப்படுத்திக் கிடைத்த அடர்தாதுவில் (வெறும் பாறையை நீக்கிச் செம்பைச் செறிவாக்கிய தூளில்) அடங்கிய செம்பு 25,000 டன்னை ஒட்டியும் இருக்கும். வகுத்துப் பார்த்தால், ஒரு டன் பாறைக்குக் கைக்கு வருவது ஏறக்குறைய 7 கிலோ. தங்கள் கடைக் கணக்கில் சொன்னால் மூன்று நான்கு குடம் அடிக்கக் காணும். அந்த 7 கிலோவுக்காகப் பாறையை உடைத்து, மேலே தூக்கி, மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கிறார்கள். உலகச் செம்பு விலைக்கு அளவுகோலான லண்டன் உலோகச் சந்தையில் விலை இறங்கினால் இந்தச் செலவும் கூடவே இறங்கிவிடாது.

விலை மாறினால் லாபம் எவ்வளவு மாறும் என்பதையும் தாங்களே போட்டுப் பார்க்கலாம். டன்னுக்கு 1,000 டாலர் ஏறினால், 25,000 டன்னுக்கு 2.5 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 212 கோடி ரூபாய். பங்குகளின் எண்ணிக்கை 96.7 கோடி. ஆகவே, பங்கு ஒன்றுக்கு வரிக்கு முன் 2 ரூபாய் 20 காசு. இதிலும் தாதுவை எடுப்பதற்காக மாநில அரசுக்குச் செலுத்தும் ராயல்டி லண்டன் விலையின் அடிப்படையிலேயே கணக்கிடப்படுவதால், விலை ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறும்.

அடுத்து, பங்குக்கு நாம் கொடுக்கும் விலை. பங்கு 250 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மொத்த நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 24,000 கோடி ரூபாய். அதை 25,000 டன்னால் வகுத்தால், ஆண்டுக்கு ஒரு டன் தரும் திறனுக்குச் சந்தை 97 லட்சம் ரூபாய் தருகிறது. டன் 9,500 டாலர் என்றால் அந்த ஒரு டன்னை விற்று வருவது, செலவு எதையும் கழிக்காமல், 8 லட்சம் ரூபாய்தான். அப்படியானால் அந்த விலைக்குள் இன்றைய சுரங்கம் மட்டுமல்லாமல் நாளைய சுரங்கமும் அடங்கியிருக்கிறது என்று பொருள். தாது உற்பத்தியை 122 லட்சம் டன்னாக உயர்த்துவது நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட திட்டம். திறந்தவெளிச் சுரங்கமாக இருந்த மலாஞ்ச்கண்ட் நிலத்தடிச் சுரங்கமாக மாறுவதே அதன் மையம். திட்டத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் இலக்கு ஆண்டு ஏற்கெனவே தள்ளிப்போயிருப்பதால், ஒவ்வொரு காலாண்டிலும் தாது டன் கணக்கு உண்மையில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு சிறுகச் சிறுக வாங்குவதே சரியென்று படுகிறது. விரிவாக்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். 2021-இல் புதிய பங்குகளை வெளியிட்டபோது மொத்த எண்ணிக்கை 92.5 கோடியிலிருந்து இப்போதைய அளவுக்கு உயர்ந்தது.

சுரங்கம் நின்றுபோவது மற்றொரு அபாயம். சுர்தாவில் 2020-இல் குத்தகைக் காலம் முடிந்ததும், பூமிக்கடியில் தாது இருந்தும் வேலை நின்றது. கோலிஹானில் 2024 மே மாதம் லிஃப்ட் அறுந்து 15 பேர் சிக்கினார்கள், ஒருவர் உயிரிழந்தார். வெளிநாட்டிலும் இதே கதைதான். உலகச் செம்பு உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதத்தைத் தந்துகொண்டிருந்த பனாமாவின் கோப்ரே பனாமா சுரங்கம், ஒப்பந்தச் சட்டம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்ததும் மூடப்பட்டது. அதை நடத்திய ஃபர்ஸ்ட் குவாண்டம் நிறுவனத்தின் பங்கு சில வாரங்களில் பாதி மதிப்பை இழந்தது. தங்கள் கடை வருமானமும் செம்பையே நம்பியிருப்பதால், சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் இதில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: செம்பு விலை உச்சத்தில் இருக்கும்போது சுரங்கப் பங்கின் பி.இ. விகிதம் (பங்கு விலையைப் பங்கு ஒன்றுக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தது) குறைவாகத் தெரிகிறது. அதுதானே வாங்கும் நேரம்? (ஈரோடு வாசகி)

பதில்: பெரும்பாலும் நேர்மாறு. லண்டன் உலோகச் சந்தையில் 2016 ஜனவரியில் டன் 4,500 டாலருக்குக் கீழே கிடந்த செம்பு, 2024 மே மாதத்தில் 11,000 டாலரைத் தாண்டியது. இப்படி ஏறி இறங்கும் தொழிலில் உச்ச ஆண்டின் லாபத்தால் பங்கு விலையை வகுத்தால் விகிதம் மலிவாகத்தான் தெரியும்; மறு ஆண்டு லாபம் சுருங்கினால் அதே பங்கு விலையுயர்ந்ததாகிவிடும். ஹிந்துஸ்தான் காப்பரே 2019-20-இல் நட்டம் காட்டி, 2021-22-இல் 370 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் ஈட்டியது. ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி லாபத்தை எடுத்து விகிதத்தைக் கணக்கிடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடி செம்பு உருக்காலை மீண்டும் திறந்தால் சுரங்கப் பங்குகள் ஏறுமா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: சுரங்கமும் உருக்காலையும் ஒன்றல்ல. 2018-இல் மூடப்பட்ட அந்த ஆலை, அடர்தாதுவை முக்கியமாக வெளிநாட்டிலிருந்து வாங்கி உருக்கியது. அதைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்துவிட்டது. உருக்காலைக்கு வருமானம் தருவது, சுரங்கம் கொடுக்கும் உருக்குக் கூலி. உலகில் உருக்காலைகள் பெருகி அடர்தாது தட்டுப்பாடானபோது, 2024-இல் டன்னுக்கு 80 டாலராக இருந்த அந்தக் கூலியின் ஆண்டு ஒப்பந்த அளவுகோல் 2025-இல் 21.25 டாலருக்குச் சரிந்தது. உருக்காலைக்கு இது அடி. சுரங்கத்துக்கு அதே தொகை மிச்சம். ஆகவே 'செம்புப் பங்கு' என்று யாராவது பரிந்துரைத்தால், அந்த நிறுவனம் கூலியைக் கொடுப்பதா வாங்குவதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: பங்குக்குப் பதிலாக எம்.சி.எக்ஸ். செம்பு ஒப்பந்தம் வாங்கலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: எம்.சி.எக்ஸ். என்பது பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி ஒப்பந்தம் போடும் பொருள் சந்தை. அங்கே செம்பில் ஓர் ஒப்பந்தம் 2,500 கிலோ. கிலோவுக்கு 10 ரூபாய் எதிர்த்திசையில் போனால் ஒரே நாளில் 25,000 ரூபாய் போய்விடும். பொருளைக் கையிருப்பில் வைத்திருக்கும் வியாபாரி விலைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்துவதற்கு அது பொருத்தம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேமிப்பவருக்கு வேண்டாம்.