பட்டியில் காட்டேரி

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் 17 வெள்ளாடு வைத்திருக்கிறேன் அண்ணே. மழை விட்ட பிறகு பத்து நாளில் 3 செத்துவிட்டன. காயம் இல்லை, ஈறு மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ரத்தக் காட்டேரி என்கிறார் கோடாங்கி. எதிரே பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு முழுக்க வௌவால். அதுதான் குடிக்கிறதா? விரட்ட மருந்து உண்டா?

பதில்: வௌவாலை விடுங்கள் தம்பி. ரத்தம் குடிக்கிற வௌவால் உலகத்திலேயே 3 இனம்தான், மூன்றும் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரைக்கும்தான். ராத்திரிக்கு ஒன்று குடிப்பது சுமார் 20 மில்லி. எதிர்வீட்டு வளவில் தொங்குவது பூச்சியோ எலியோ பழமோ தின்கிற சாதி.

நீங்கள் எழுதாமல் விட்டது, கடைசியாக என்ன புழு மருந்து, எத்தனை மில்லி கொடுத்தீர்கள் என்பது. என் சந்தேகம் நாலாவது வயிற்றில் ஒட்டியிருக்கும் ரத்தம் உறிஞ்சிப் புழு மேல்தான். ஓர் அங்குல நூல் மாதிரி, கோயில் மதில் பட்டைபோல சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிக்கொண்டிருக்கும். சிவப்பு அது குடித்த ரத்தம். ஒரு புழு நாளைக்கு 0.05 மில்லி, 5,000 புழு இருந்தால் கால் லிட்டர், அந்த மெக்சிகோ வௌவால் ஒரு டஜன் வந்தாலும் அவ்வளவுதான் குடிக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்த ஆடு இருக்கிறதா பாருங்கள். இன்னொன்று செத்தால் வயிற்றை அறுத்துப் பார்க்கலாம், ஆனால் மூக்கிலோ ஆசனவாயிலோ கருத்த ரத்தம் கசிந்திருந்தால் கத்தியே வைக்காதீர்கள், அது மனிதருக்கும் தொற்றுகிற அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்.

மருந்துக் கடைக்காரர் மூன்று மாதத்துக்கு ஒருதரம் அதே பாட்டிலைக் கொடுத்து, 'எல்லா ஆட்டுக்கும் ஒரு மூடி' என்பார். ஆட்டை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். எடை போடாமல் குறைத்து ஊற்றினால் சாவது சோப்ளாங்கிப் புழு. மருந்துக்குத் தாங்கியது பிழைத்து முட்டை போடும், அப்புறம் அந்த மருந்து வெறும் தண்ணீர்தான். பட்டி முழுக்க ஊற்றுவதே தப்பு என்பேன் நான். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்: சிவந்திருந்தால் விட்டுவிடுங்கள், வெளுத்ததற்கு மட்டும், எடை பார்த்து, டாக்டர் சொல்லும் மருந்து. புதுப் புழுக்கையை ஒரு டப்பாவில் போட்டு நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கண்மாய்க் கரைப் புல்லில் பனி ஈரம் இருக்கும்போது மேய விடாதீர்கள், குட்டிப் புழு அப்போதுதான் நுனிக்கு ஏறும். வெயில் ஏறின பிறகு ஓட்டுங்கள், கருவேலந்தழை கடிக்கட்டும்.

நம் ஊரில் ராத்திரி கறிக்குழம்பு தூக்கிப்போனால் காட்டேரிக்குப் பயந்து கரித்துண்டும் ஆணியும் போட்டனுப்புவார்கள். ரத்தம் வற்றிய ஆட்டுக்கும் இரும்பு வேண்டும்தான், அது டாக்டர் போடுகிற ஊசியாக இருக்கட்டும்.