சோல் மாற்றிய பைக் பூட்ஸ் பிரிந்துபோனது: கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் 19,000 ரூபாய்க்கு வாங்கிய பைக் ரைடிங் பூட்ஸின் சோல் தேய்ந்துவிட்டதால், ‘எண்ணெயில் வழுக்காத சோல்’ போட்டுத் தருவதாக விளம்பரம் செய்த சென்னைக் கடை ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். பேசிய கூலி 4,500 ரூபாய். அதில் 3,000 முன்பணமாகக் கொடுத்தேன். பூட்ஸ் திரும்பி வந்த இரண்டே வாரத்தில் இடது கால் சோல் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. சரிசெய்யத் திருப்பி அனுப்பியபோது, “தோல் பழசு, எங்கள் தவறு இல்லை, மீதி 1,500 ரூபாயைக் கட்டினால்தான் பூட்ஸ் தருவோம்” என்கிறார்கள். ரசீதில், ‘எங்கள் பொறுப்பு கூலியில் பாதிக்கு மேல் இல்லை, வழக்குகள் சென்னைக்கு மட்டும் உட்பட்டவை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். புதிய பூட்ஸின் விலையைக் கேட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்குப் போட முடியும், ஆனால் புதிய பூட்ஸின் முழு விலை கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். கூலி பெற்றுக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’ என்பதற்குள் அடங்கும். ஒப்புக்கொண்ட தரத்தில் அந்த வேலை நடக்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. எண்ணெயில் வழுக்காத சோல் என்று விளம்பரம் செய்துவிட்டுச் சாதாரண ரப்பரை ஒட்டியிருந்தால், நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற குற்றச்சாட்டையும் சேர்க்கலாம். எனவே அந்த விளம்பரத்தை இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதை நீக்கிவிட்ட பிறகு தேடிப் பயனில்லை.

ரசீதில் உள்ள பொறுப்பு வரம்பைக் கண்டு தயங்க வேண்டாம். துவைக்கக் கொடுத்த புடவை தொலைந்துபோன ஒரு வழக்கில், சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று சலவைக் கடை ரசீதில் அச்சிட்டிருந்த நிபந்தனை பொது நலக் கொள்கைக்கு முரணானது என்று கூறி, அதை ஏற்கச் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. ‘லில்லி ஒயிட்’ வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு 1966ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. கூலியில் பாதி என்னும் உங்கள் கடைக்காரரின் வரம்பு அதைவிடவும் குறுகியது. வழக்கு எங்கே என்பதிலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது: புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு கூறுவதால், கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

பூட்ஸைப் பிடித்து வைத்திருப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு பொருளில் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், உரிய கூலி வரும்வரை அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு உண்மையிலேயே சொல்கிறது. ஆனால் ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலையைச் செய்தவருக்குத்தான் அந்த உரிமை. அதோடு, உங்கள் கடைக்காரர் ஒருமுறை பூட்ஸை உங்களிடம் அனுப்பிவிட்டார். பொருளைக் கைவிட்டதோடு போய்விட்ட அந்த உரிமை, குறையைச் சரிசெய்ய நீங்கள் திருப்பி அனுப்பியதால் பழைய பாக்கிக்காக மீண்டும் முளைக்காது என்று வலுவாக வாதிடலாம். இருந்தாலும், 1,500 ரூபாய்க்காக உங்கள் முதன்மைச் சான்றை எதிர்த்தரப்பின் கையில் விட்டுவைப்பது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை. ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டிப் பூட்ஸை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையையும் புகாரில் சேர்த்துக் கேட்கலாம்.

உண்மையில் வழக்கு நிற்பதும் விழுவதும் ‘தோல் பழசு’ என்ற வாதத்தில்தான். அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன சோல்களும், சோலுக்கு மேலிருக்கும் நடு அடுக்குகளும் ஈரப்பதத்தாலும் வெப்பத்தாலும் காலப்போக்கில் சிதைந்து பொடியாகக்கூடியவை. அப்படிச் சிதைந்த பழைய அடுக்கின்மேல் புதுச் சோலை ஒட்டினால் எவ்வளவு நல்ல பசையும் நிற்காது. ஆனால் அதைக் கண்டறிந்து, ‘இது தாங்காது’ என்று வேலைக்கு முன்பே சொல்வது தொழில் தெரிந்தவரின் கடமை. சொல்லாமல் கூலியை வாங்கிக்கொண்டவர், பிரிந்த பிறகு பூட்ஸின் வயதைக் காரணம் காட்டுவது எளிதில் எடுபடாது. பசை மட்டும் விட்டிருக்கிறதா, அடியிலிருக்கும் அடுக்கே உதிர்ந்திருக்கிறதா என்று தெரியும்படி பிளந்த இடத்தை அருகிலிருந்து படம் எடுங்கள். அனுபவமுள்ள வேறொரு பழுதுபார்ப்பவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஆனால் புகார் முடியும்வரை அவரைக் கொண்டு மீண்டும் ஒட்டிவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆய்வக அறிக்கை கேட்டுப் பெறும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

நீங்கள் கேட்கக்கூடியது, கொடுத்த கூலி, இருமுறை கூரியர் செலவு, வேலையால் பூட்ஸே பாழாகியிருந்தால் நான்கு ஆண்டுத் தேய்மானம் கழித்த அதன் மதிப்பு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் நியாயமான ஒரு தொகை, அவ்வளவே. மழையில் கால் ஊன்றும்போது வழுக்கி விழுந்திருக்கலாம் என்பது குறையின் தீவிரத்தைக் காட்ட உதவும். நடக்காத விபத்துக்கு இழப்பீடு கிடைக்காது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைக்காரர் அசையவில்லை என்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புங்கள். சட்டப்படி அது கட்டாயமில்லை என்றாலும், பெரும்பாலும் விவகாரம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால் இணையவழியாகவே புகாரைத் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. குறை வெளிப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.