வீட்டிலிருந்தே வேலை: மீட்டிங் நேரத்தில் மகள் மடியில் ஏறினால்?

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் வேலை, வாரம் ஐந்து நாளும் வீட்டிலிருந்துதான். மகள் எல்.கே.ஜி., மகன் மூன்றாம் வகுப்பு. மாமியாருக்கு 67 வயது, மூட்டுவலி. கணவர் ஆபீஸிலிருந்து வர மாலை 6 ஆகிவிடும். அமெரிக்க கிளையன்ட் என்பதால் தினமும் 6.30-க்கு மீட்டிங். சரியாக அந்த நேரம் பார்த்து மகள் வந்து மடியில் ஏறுகிறாள். வேறு வழியில்லாமல் செல்போனைக் கொடுத்து அனுப்புகிறேன். நாள் முழுக்க வீட்டில் இருந்தும் பிள்ளைகளோடு இருந்த மாதிரியே இல்லை. வேலையும் இரவு 11 வரை இழுக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சரவணம்பட்டி, கோவை

பதில்: முதலில் அந்தச் செல்போனை எடுத்துக்கொள்வோம். முடிச்சு விழுந்திருப்பது அங்கேதான்.

அம்மா மீட்டிங்கில் இருக்கும்போது போய் நச்சரித்தால் போன் கிடைக்கும் என்பதை உங்கள் மகள் கற்றுக்கொண்டிருக்கிறாள். மற்ற நேரத்தில் கேட்டால் கிடைக்காது, மீட்டிங் நேரத்தில் கேட்டால் கிடைக்கும். அதனால்தான் "சரியாக அந்த நேரம் பார்த்து" வருகிறாள். நான்கு முறை விரட்டிவிட்டு ஐந்தாம் முறை கொடுத்தால் இன்னும் மோசம். ஐந்து முறை கேட்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பாடம். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். அந்த நேரத்தை மாலை 4.30-க்கு, அவள் கேட்காமலே, 30 நிமிடம் டி.வி.யில் கொடுத்துவிடுங்கள். மீட்டிங்குக்கும் திரைக்கும் இருக்கும் தொடர்பை அறுப்பதுதான் நோக்கம்.

நிறுத்தியதும் முதல் ஐந்தாறு நாள் அழுகை கூடும். பழைய வழி வேலை செய்யாதபோது குழந்தை இன்னும் பலமாகத் தட்டிப் பார்க்கும். அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள் இறங்கிப் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே முக்கியமான டெமோ, ரிலீஸ் இல்லாத வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

இனி நேரம். வேலையும் பிள்ளை கவனிப்பும் ஒரே மணி நேரத்தில் நடக்காது. ஒரு கண் லேப்டாப்பிலும் ஒரு கண் பிள்ளையிலும் இருந்தால் மெயிலில் பிழை விழும், பிள்ளையும் ஏங்கும். 9.15 முதல் 12.45 வரை வேலை. இருவரும் பள்ளியில் இருக்கும் இந்த மூன்றரை மணி நேரம்தான் உங்கள் நாளின் தங்கம். சமையல், துணி, வங்கி வேலை எதையும் இதற்குள் விடாதீர்கள். குக்கர் 8.45-க்குள் இறங்கிவிட வேண்டும். மகள் வந்ததும் சாப்பாடு. 1.30 முதல் 3.45 வரை, அவள் தூங்கும்போதும் பாட்டியுடன் இருக்கும்போதும், மெயில், டாக்குமென்ட் போல இடையில் எழுந்து போனாலும் கெடாத வேலைகள். 3.45 முதல் 6 வரை லேப்டாப் மூடியிருக்கட்டும். 6 முதல் 8.15 வரை மறுபடி வேலை, மீட்டிங் உட்பட. கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரம் வந்துவிடுகிறது.

இடையில் உள்ள அந்த இரண்டே கால் மணி நேரத்தில் முதல் 20 நிமிடம் மிக முக்கியம். பையனின் பையைத் திறந்து டைரி பார்ப்பது, பால் ஆற்றுவது எல்லாம் பிறகு. போன் வேறு அறையில் இருக்க, தரையில் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். என்ன விளையாட்டு என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் திருத்த வேண்டாம். மாலையில் இப்படி நிறைந்த பிள்ளை 6.30-க்கு உங்களைத் தேடுவது குறையும்.

இந்த இடைவெளியை மேலாளரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள், மெயிலில் எழுதுங்கள். "குழந்தைகள் இருப்பதால் கஷ்டமாக இருக்கிறது" என்று தொடங்கினால் அது சலுகை கேட்பதாகிவிடும். "9.15–12.45, 1.30–3.45, 6–8.15 ஆகிய நேரங்களில் கிடைப்பேன். 3.45–6 காலண்டரில் மூடியிருக்கும். அவசரம் என்றால் போனில் அழைக்கலாம். நான்கு வாரம் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று எழுதினால் அது திட்டம். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் வீட்டிலிருந்து வேலை பற்றிப் பேசியதே என்று சிலர் கேட்பதுண்டு. அது மகப்பேறு விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு செய்வது. உங்கள் நிலைக்குப் பொருந்தாது. பேசித்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னுக்கு. நியூயார்க்கில் காலை 9 மணி மீட்டிங் கோடையில் நமக்கு 6.30 என்றால் குளிர்காலத்தில் 7.30. அது மகளைத் தூங்கவைக்கும் நேரத்தில் நேராக வந்து மோதும். இந்த வயதுக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6.45-க்கு எழ வேண்டியவள் இரவு 8.30-க்காவது படுக்க வேண்டும். எனவே அக்டோபரிலேயே கேளுங்கள்: மீட்டிங்கை அவர்களின் 8.30-க்கு, அதாவது நமது 7 மணிக்குக் கொண்டுவரலாமா, அல்லது அவர்களின் 10.30-க்கு, நமது இரவு 9-க்குத் தள்ளலாமா? இரண்டில் எது கிடைத்தாலும் மகளின் 8.30 தப்பிக்கும். 9 மணி கிடைத்தால் அன்று 6–7.30 உங்களுக்கு ஓய்வாக இருக்க வேண்டும். அதையும் வேலையால் நிரப்பினால் மறுபடி 11 மணிதான்.

6.15 முதல் 8.15 வரை பிள்ளைகள் கணவர் பொறுப்பு. "உதவி" என்ற சொல்லே வேண்டாம். இரவுச் சாப்பாடு, வீட்டுப்பாடம், பல் தேய்ப்பது, மறுநாள் பை அடுக்குவது எல்லாம் சேர்த்துத்தான் பொறுப்பு. தோசை ஓரம் கருகினாலும் நீங்கள் எழுந்து போகாதீர்கள். ஒரு முறை போனால், அம்மாதான் கடைசிப் புகலிடம் என்று மூவரும் முடிவுகட்டிவிடுவார்கள். மாமியாரிடமும் நேரத்தைச் சொல்லியே கேளுங்கள்: "மதியம் 1.30-லிருந்து 3.45 வரைக்கும் பாப்பாவைப் பார்த்துக்கிறீங்களா அத்தை?" என்பது போல. மூட்டுவலி உள்ளவர் ஓடியாட முடியாது. உட்கார்ந்தபடி கதை சொல்வது, பூ கட்டும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வது போதும். அளவில்லாமல் ஒப்படைத்தால் அவருக்கும் உடம்பு தாங்காது, மனமும் சலித்துப்போகும்.

நான்கு வயதுப் பிள்ளைக்குப் "பத்து நிமிஷம் இரு" என்பது புரியாது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பெரிய முள் அங்கே வந்ததும் அம்மா வருவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி கதவைத் திறங்கள். மீட்டிங் நீண்டால்கூட, கேமராவை அணைத்துவிட்டு அரை நிமிடம் வெளியே வந்து ஸ்டிக்கரை நகர்த்திவிட்டுப் போங்கள். கதவுப் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் மீட்டிங், துணி இல்லாவிட்டால் உள்ளே வரலாம். நாள் முழுக்கத் துணி தொங்கினால் ஒரு வாரத்தில் அதற்கு மதிப்பிருக்காது. மூன்றாம் வகுப்பு மகனுக்கு நான்கு காரணங்களைச் சொல்லிக்கொடுங்கள்: ரத்தம், தீ, யாராவது விழுந்தது, வாசலில் தெரியாத ஆள். இவற்றுக்குத் தட்டாமலே உள்ளே வரலாம். மற்றதையெல்லாம் துண்டுத்தாளில் எழுதிக் கதவடியில் தள்ளட்டும். மீட்டிங் முடிந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளுக்குப் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாள் கதவைத்தான் தட்டுவான்.

செல்போனுக்குப் பதிலாக, மீட்டிங் நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு டப்பா வையுங்கள். சிலேட்டு, கலர் சாக்பீஸ், பழைய கல்யாணப் பத்திரிகைகள், மழுங்கிய கத்தரிக்கோல், பிசைந்த மாவு. மாவுக்கு ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அரை கப்புக்கு மிகாமல் விட்டுப் பிசையுங்கள். ஒட்டினால் மைதா தூவலாம். மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். பட்டாணி, கொண்டைக்கடலை, மணி போன்றவை வேண்டாம். மூக்கில் போட்டுக்கொண்டால் பயறு ஈரத்தில் ஊறி வீங்கும், பிறகு டாக்டர்தான் எடுக்க வேண்டும். இரண்டு டப்பா இருந்தால் வாரம் மாற்றி வாரம் கொடுக்கலாம், அலுக்காது. மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் முன் பாத்ரூம், தண்ணீர், ஏதாவது தின்ன. பல தட்டல்கள் இந்த மூன்றுக்காகத்தான் வருகின்றன.

அறையைப் பொறுத்தவரை ஹால் வேண்டவே வேண்டாம், படுக்கையறை மூலை போதும். லேப்டாப் மைக்கைவிட, வாயருகே மைக் வரும் ஒயர் ஹெட்செட் வீட்டுச் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9-க்குத் தொடங்கி உங்கள் தங்க நேரத்தையே தின்னும். முந்தைய நாள் அறிவிப்பைப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும், மின்சாரம் மாறும் நொடியில் ரூட்டர் அணைந்து திரும்ப வர இரண்டு மூன்று நிமிடமாகும். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ். சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், அல்லது ரூட்டருக்குத் தனியாக மினி யு.பி.எஸ். வாங்குங்கள். வாங்குமுன் ரூட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

காய்ச்சல் நாளுக்கு இந்த அட்டவணை எதுவும் ஓடாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மீட்டிங்கில் உட்காராமல் அரைநாள் விடுப்பு எடுத்துவிடுங்கள். மறு பாதியைக் கணவர் எடுக்கட்டும். யாருக்கு எந்தப் பாதி என்பதைக் காய்ச்சல் வந்த காலையில் பேசினால் சண்டைதான் வரும், இந்த ஞாயிறே பேசி வைத்துவிடுங்கள்.