மாட்டுக்குப் பல் பார்த்தவர்

கேள்வி: 2012இல் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்தவர் என் மாமனார். இன்றும் உறவினர்கள் அவரைப் பேராசைக்காரர் என்று குத்திக்காட்டுகிறார்கள். ஏமாற்றியவன்தானே குற்றவாளி? பேராசையே பட்டிருந்தாலும், போனது அவருடைய பணம்தானே?
– வாசகி ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஏமாற்றியவன்தான் குற்றவாளி, அதில் மறுபேச்சு இல்லை. முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பணம் போட்டவரைப் பார்த்து ‘நீ பேராசைப்பட்டாயா?’ என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. குத்திக்காட்டும் உறவினர்களிடம் இதை உரக்கவே சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் கடைசியில்தான் போகிறது. அதற்கு வெகு முன்பே வேறு சில போய்விடுகின்றன.

எனக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நாலு முறை நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்குள் கையை விட்டு விலை பேசி, படியவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்பிவிடுவார். அவரை ஏமாற்ற எந்தத் தரகராலும் முடிந்ததில்லை.

அந்த மனிதர்தான் ஒன்றரை லட்சம் ரூபாயைக் கட்டி, ஆறு ஈமு குஞ்சுகளை வாங்கிவந்தார். அவற்றை வளர்த்தால் மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்கு 20,000 போனஸ் என்று குஞ்சு விற்ற நிறுவனத்தார் சொல்லியிருந்தார்கள். கூட்டிப் பாருங்கள், ஆண்டுக்கு 92,000 ரூபாய். நூற்றுக்கு அறுபத்தொன்று! அவருக்குக் கூட்டத் தெரியாதா? வட்டிக் கணக்கை விரல்விட்டே சொல்லிவிடுவார். “இந்தக் கறியை ஊரில் யார் வீட்டில் ஆக்குகிறார்கள்?” என்று பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “உனக்கு என்ன தெரியும், பேசாமல் இரு” என்று அடக்கிவிட்டார்.

அந்தத் தொழில் மொத்தமும் அந்த ஒரு கேள்வியில்தான் நின்றுகொண்டிருந்தது. கறிக்குச் சந்தை இல்லை. புதிதாகச் சேருபவர் கட்டும் பணம்தான் பழையவருக்கு மாதத் தொகையாகப் போனது. பெரியப்பாவுக்கும் இந்தச் சந்தேகம் உள்ளூர இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் பெரியம்மாவிடம் அத்தனை கோபம் வந்திருக்காது. மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்த அந்தக் கண்ணை, அவரே இறுக மூடிக்கொண்டார். பேராசை முதலில் பறித்தது அதைத்தான்.

அடுத்துப் போனது உறவு. முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. வங்கிப் பாஸ்புக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மகள் கல்யாணத்துக்கென்று தங்கை சேர்த்து வைத்திருந்த பணத்தையும் போட வைத்தார். வேண்டாம் என்று சொன்ன பங்காளியோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார். அதுவரை யாருக்கும் தீங்கு நினைத்தறியாத மனிதர் அவர். அப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் தங்கையின் கழுத்தில் சுருக்கு விழுந்தது அவர் கையால்தான்.

2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. தீவனமும் நின்றது. பசியில் பறவைகள் ஒன்றின் இறகை ஒன்று கொத்தின. பல பண்ணைகளில் அரசே தீவனம் போட வேண்டியிருந்தது. பெரியப்பா மாட்டுக்கு வைத்திருந்த மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டார். புகார் கொடுக்க, நிறுவனம் இருந்த பெருந்துறைக்கு வாருங்கள் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள். அவர் கடைசிவரை போகவில்லை. தங்கை மகளின் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போய், பிறகு எளிமையாக நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் இவர் மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தங்கை வந்து கையைப் பிடித்து இழுத்தும் உள்ளே வரவில்லை.

இது கொங்கு நாட்டோடு முடிந்த கதையும் இல்லை. பத்தே வருடத்தில், 2022இல், சென்னையில் ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மீது மோசடி வழக்கு வந்தது. லட்சம் ரூபாய்க்கு மாதம் முப்பதாயிரம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் திரட்டினார்கள் என்றது காவல்துறை. நாலே மாதத்தில் முதல் திரும்பிவிடும் தொழில் எது என்று அதில் எத்தனை பேர் வாய்விட்டுக் கேட்டிருப்பார்கள்? கேட்ட மனைவிமார்களையும் பிள்ளைகளையும் எத்தனை பேர் அடக்கியிருப்பார்கள்?

உங்கள் மாமனாரை யாரும் ஏச வேண்டாம், நீங்களும் ஏச விடாதீர்கள். ஆனால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பேச்சை நம்பிப் பணம் போட்டவர்கள் யார் யார் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். யாரும் இல்லை என்றால், ‘அவருடைய பணம்தானே’ என்று நீங்கள் சொன்னதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன்.